குடும்பமாக நடத்தும் நடைக்குதிரைப் பண்ணை: அங்கே உண்மையில் யார் கையில் குதிரை இருக்கிறது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் பக்கத்தில் இருக்கிறீர்கள். 14 வயது மகளுக்காக நான்கு வயது டென்னசி வாக்கிங் குதிரை ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். ஷெல்பிவில் பக்கம் இருக்கிற ஒரு பயிற்சிப் பண்ணைக்கு அறுபது நாள் அனுப்பச் சொல்கிறார்கள். அந்தப் பண்ணைக்காரர்கள் "மூன்று தலைமுறையாகக் குடும்பமாக நடத்துகிறோம்" என்கிறார்கள், படத்தில் தாத்தா, மகன், மருமகள், பேத்தி எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். இவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள், என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனதில் இருக்கிற கேள்வி கடைசி வரியில்தான் இருக்கிறது: குடும்பம் என்பதால் நம்பலாமா? நான் அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். குடும்பம் என்பது ஒரு நல்ல அறிகுறி, உத்தரவாதம் இல்லை. குதிரைத் தொழிலில் கைத்திறன் பரம்பரையாக வருவது போலவே கெட்ட பழக்கமும் பரம்பரையாக வரும். எது வந்திருக்கிறது என்று குதிரையின் காலைப் பார்த்தால் தெரியும்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவன், அப்புறம் இங்கே வந்து தேர்வுகள் எழுதி, பத்தொன்பது வருடமாக மத்திய டென்னசியில் மாடு, குதிரை பார்க்கும் மருத்துவராக இருக்கிறேன். பயிற்சியாளர் இல்லை. குதிரை ஏறத் தெரியும், ஆனால் ஒரு நடைக்குதிரையை முதல் நாளிலிருந்து பழக்கி முடிக்கிற அளவுக்குக் கை வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் லாயங்களுக்குள்ளே போய்க் காலைத் தூக்கிப் பார்த்தும் வயிற்றுவலிக்கு நடுராத்திரி ஓடிப்போயும் கற்றதுதான். அதுவும் பெரும்பாலும் ஷெல்பிவில்லைச் சுற்றி மூன்று நான்கு மாவட்டங்களில். கீழே நான் சொல்கிற ஆட்கள் எல்லாம் ஒரே பண்ணையில் இருப்பவர்கள் இல்லை, பல பண்ணைகளில் பார்த்தவர்கள்.

முதலில் நடைக்குதிரை என்றால் என்ன என்பது தெரிந்தால்தான் பயிற்சியாளர் எதற்குப் பணம் வாங்குகிறார் என்பது புரியும். சாதாரணக் குதிரை வேகம் எடுத்தால் 'ட்ராட்' போகும், அதாவது முன் இடது காலும் பின் வலது காலும் சேர்ந்து விழும், சவாரி செய்பவருக்கு இடுப்பு குலுங்கும். நடைக்குதிரை அந்த வேகத்திலும் நான்கு காலையும் தனித்தனியாக வைக்கும். டென்னசி வாக்கருக்கு மூன்று நடை: ஃப்ளாட் வாக், ரன்னிங் வாக், கேன்ட்டர் (மிதமான பாய்ச்சல்). ஃப்ளாட் வாக் மணிக்கு 4 முதல் 8 மைல் வரை போகும், ரன்னிங் வாக் அதைவிட வேகம். ரன்னிங் வாக்கில் பின்காலின் தடம், அதே பக்கத்து முன்கால் வைத்த தடத்தைத் தாண்டி 6 முதல் 18 அங்குலம் முன்னால் விழும், ஒவ்வொரு அடிக்கும் தலை ஆடும், மேலே உட்கார்ந்திருப்பவர் கையில் தம்ளர் தண்ணீர் வைத்திருந்தாலும் பெரிதாகச் சிந்தாது. இது ரத்தத்திலேயே இருப்பது. 2012-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள், அது தண்டுவடத்தில் கால்களை ஒருங்கிணைக்கும் நரம்புகளில் வேலை செய்கிறது, டென்னசி வாக்கர்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அது தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாகவே இருக்கிறது. ஆக, உங்கள் குதிரைக்கு யாரும் நடையைச் 'சொல்லிக் கொடுக்க' வேண்டியதில்லை. பிறந்த நாலாம் நாளில் தாய் பின்னாலே அந்த நடையில் போகிற குட்டிகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் மரபணு வாசலைத் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான். ஆள் ஏறினதும் முதுகு இறுகும், பயம் வரும், கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பவர் கிடைத்தால் நடை குழம்பி, ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து போகிற 'பேஸ்' ஆக மாறும். நல்ல பயிற்சியாளர் செய்வது, இருக்கிற நடையைக் கெடுக்காமல் ஆள் ஏறினாலும் அது நிற்கும்படி செய்வது. அதற்குப் பொறுமை, காது, லேசான கை மூன்றும் வேண்டும்.

இந்த இனம் உருவானதே குடும்பப் பண்ணைகளில்தான், அதனால் அந்த வார்த்தையைப் பெருமையாகச் சொல்வதில் பொய் இல்லை. 1886-இல் கென்டக்கியில் பிறந்த ஆலன் என்ற கறுப்புக் குதிரையை ட்ராட் பந்தயத்துக்காக வளர்த்தார்கள், அது பேஸ் நடையை விடவே இல்லை, கைமாறிக் கைமாறிப் போய், 1903-இல் இங்கே காஃபி மாவட்டத்தில் ஜேம்ஸ் பிராண்ட்லி என்பவர் வாங்கினார். அவர் வீட்டுப் பெண்குதிரை கெர்ட்ரூட் 1906-இல் ஆலனுக்குப் போட்ட குட்டிதான் ரோன் ஆலன். இன்றைக்கு இருக்கிற வாக்கர்களின் வம்சாவளியைப் பின்னோக்கிப் போனால் அந்த இரண்டு பெயரும் வராமல் இருக்காது. 1935-இல் லூயிஸ்பர்க்கில் இனச் சங்கம் தொடங்கியபோது ஆலனுக்கு எஃப்-1 என்ற எண்ணைக் கொடுத்தார்கள், மூலக்குதிரை என்று அர்த்தம். வார்ட்ரேஸ் என்ற சின்ன ஊரில் ஃப்ளாய்ட் கரோதர்ஸும் மனைவி ஆலிவும் ஒரு ஹோட்டல் நடத்திக்கொண்டு, அதன் பின்னால் லாயத்தில் குதிரை பழக்கினார்கள். அவர் பழக்கிய ஸ்ட்ரோலிங் ஜிம்தான் 1939-இல் நடந்த முதல் செலிப்ரேஷன் என்ற வாக்கர் குதிரைக் கண்காட்சியில் பெரிய பட்டம் வாங்கியது. அந்தக் குதிரையை அந்த ஹோட்டல் பின்னாலேயே புதைத்திருக்கிறார்கள், போகிற வழியில் மகளுக்குக் காட்டுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அடிமை முறைக் காலத்திலிருந்தே இந்தக் குதிரைகளைப் பழக்கியதிலும் பராமரித்ததிலும் கறுப்பினத்தவர்களின் உழைப்பு மிகப் பெரியது. பதிவேட்டில் உரிமையாளர் பெயர்தான் இருக்கும். இன்றைய லாயத்தைப் பார்க்கும்போதும் இது ஞாபகத்தில் இருக்கட்டும், காரணம் கீழே வருகிறது.

சரி, இப்போது பண்ணைக்குள் போகலாம். படத்தில் நடுவில் நிற்கிற தாத்தா பெரும்பாலும் குதிரை ஏறுவதை நிறுத்தியிருப்பார், இடுப்பு எலும்போ முழங்காலோ மாற்றியிருப்பார்கள். ஆனால் அவர் காது இன்னும் வேலை செய்யும். நான் போகிற ஒரு பண்ணையில் பேரன் வேண்டுமென்றே வீட்டு முன்னால் இருக்கிற தார் ரோட்டில் குதிரையை ஓட்டுவான், மண்ணில் ஓட்டினால் சத்தம் கேட்காது என்பதற்காக. தாத்தா திண்ணையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். டக், டக், டக், டக் என்று நாலும் ஒரே இடைவெளியில் விழுந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். டடக், டடக் என்று இரண்டிரண்டாகச் சேர்ந்தால் "பேஸுக்குப் போகிறது, மேட்டில் ஏத்து" என்பார். மேட்டில் மெதுவாக ஏற்றினால் பின்காலைத் தள்ளி வைக்க வேண்டியிருக்கும், பேஸ் உடையும், தரையில் வரிசையாகக் கட்டை போட்டுத் தாண்ட விடுவதும் அதற்குத்தான். எந்தக் காலைக் குதிரை அழுத்தி ஊன்றாமல் வைக்கிறது என்பதைக்கூட அவர் சத்தத்தை வைத்துச் சொல்லி, நான் போய்ப் பார்த்தால் குளம்புக்குள் சீழ் கட்டியிருந்தது, இது ஒரு தடவை இல்லை. இந்த மாதிரி ஆள் கூட இருப்பதுதான் குடும்பப் பண்ணையின் நிஜமான லாபம்.

மகன்தான் சம்பாதிக்கிறவர், உங்கள் குதிரையில் முதலில் ஏறுகிறவரும் அவராகத்தான் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுப் பத்துக் குதிரை ஏறுவார், ஒவ்வொன்றுக்கும் அரைமணி, முக்கால் மணி. அவரிடம் நான் கவனிப்பது திறமையைவிட, உரிமையாளரிடம் எப்படிப் பேசுகிறார் என்பதை. முப்பது நாள் ஆனதும் உரிமையாளர் போன் பண்ணி "வீடியோ அனுப்புங்கள்" என்பார். குதிரை அதற்குத் தயாராக இல்லாதபோது "இன்னும் தயாராகவில்லை" என்று சொல்லத் துணிவு வேண்டும், ஏனென்றால் உரிமையாளர் கோபித்துக்கொண்டு டிரெய்லரைக் கொண்டுவந்து குதிரையை ஏற்றிப் போய்விட்டால் அந்த மாத வருமானம் போச்சு. இதனால்தான் வீட்டில் ஒருவராவது வெளியே வேலைக்குப் போகிற குடும்பத்தை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புகிறேன். மருத்துவக் காப்பீட்டுக்காக மருமகளோ மகனோ பள்ளியிலோ மாவட்ட அலுவலகத்திலோ வேலை பார்ப்பது இங்கே சாதாரணம். பசி கழுத்தைப் பிடிக்காத வீட்டில் குதிரையை அவசரப்படுத்த மாட்டார்கள். இது என் அனுபவக் கணிப்புதான், விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மருமகளைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லத் தோன்றுகிறது. பண்ணையின் பெயர்ப்பலகையில் மகன் பெயர் இருக்கும், ஆனால் தீவனக் கணக்கு, தடுப்பூசித் தேதி, குதிரைகளுக்கு வரும் தொற்று ரத்தசோகைக்கான காகின்ஸ் ரத்தப் பரிசோதனைத் தாள், லாடம் அடிப்பவர் அடுத்து வரும் நாள் எல்லாம் அந்த அம்மாவிடம்தான் இருக்கும். ஒரு ஜனவரி ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு ஒரு போன். "நேற்று ரெண்டு வாளி குடிச்சது, இன்னைக்கு அரை வாளிதான் குடிச்சிருக்கு, சாணியும் காய்ஞ்சு கிடக்கு." குதிரை படுக்கவில்லை, வயிற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை, வேறு யாராக இருந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கியிருப்பார்கள். போய்ப் பார்த்தால் குடலில் தீவனம் இறுகத் தொடங்கியிருந்தது, குளிரில் தண்ணீர் குறைவாகக் குடித்தால் வருகிற வயிற்றுவலி. மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தண்ணீரும் எண்ணெயும் கொடுத்து விடியும்போது சரியானது, தாமதித்திருந்தால் அறுவை சிகிச்சை வரை போயிருக்கும். அந்த அம்மா ஒரு பள்ளிக்கூட நோட்டில் ஒவ்வொரு குதிரைக்கும் எத்தனை வாளி என்று எழுதி வைத்திருந்தார். இன்னொரு வீட்டில் சினைக்குதிரையை எந்தப் புல்வெளியில் விடக்கூடாது என்பது மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வந்த அறிவு: இங்கே எங்கு பார்த்தாலும் இருக்கிற கென்டக்கி 31 என்ற ஃபெஸ்க்யூ புல்லுக்குள் ஒரு பூஞ்சை வாழ்கிறது, கடைசி இரண்டு மூன்று மாதம் அதை மேய்ந்தால் நாள் தள்ளிப் போகும், பால் சுரக்காது. நான் கல்லூரியில் படிக்காததை அங்கேதான் முதலில் கேட்டேன். பண்ணைக்குப் போகும்போது பயிற்சியாளரிடம் பேசுகிற அளவுக்கு இவரிடமும் பேசுங்கள். ராத்திரி கடைசியாக லாயத்தைச் சுற்றி வருவது யார், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

படத்தில் இல்லாத ஒருவர் உண்டு. காலை ஐந்து மணிக்கு லாயத்தைத் திறந்து, சாணி அள்ளி, குதிரையைத் தேய்த்து, சேணம் கட்டி மகன் கையில் கொடுக்கிறவர். இப்போது பல இடங்களில் அவர் மெக்சிகோவிலிருந்து வந்தவராக இருப்பார், ஊரிலேயே குதிரையோடு வளர்ந்தவராக இருப்பார், சம்பளம் குறைவு, பெயர் எங்கும் வராது. உங்கள் குதிரை அறுபது நாளில் அதிகம் பார்க்கப் போகிற முகம் அவருடையது. அவர் பக்கத்தில் போகும்போது குதிரைகள் காதை எப்படி வைத்துக்கொள்கின்றன என்று பாருங்கள், தலையைத் தாழ்த்தி அவர் பக்கம் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. குடும்பத்தார் அவரைப் பெயர் சொல்லி உங்களுக்கு அறிமுகம் செய்கிறார்களா என்பதும் எனக்கு முக்கியமாகப் படும். பேத்தியின் வேலை கடைசியில் வரும். எடை குறைந்தவள், கை லேசு, குழந்தைகள் ஏறினால் குதிரை எப்படி இருக்கும் என்று அவள் ஏறித்தான் தெரியும். உங்கள் மகளுக்கான குதிரை என்பதால் கடைசி இரண்டு வாரமாவது அந்தப் பெண் ஏற வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கசப்பான பகுதி. மறைத்துச் சொன்னால் உங்களுக்கும் குதிரைக்கும் நான் செய்கிற துரோகம். 1950-களிலிருந்து இந்தத் தொழிலில் 'சோரிங்' என்ற கொடுமை பரவியது. கண்காட்சியில் முன்காலை எவ்வளவு உயரம் தூக்குகிறதோ அவ்வளவு பரிசு என்று ஆனதும், குளம்புக்கு மேலே இருக்கிற கணுவில் எரிச்சல் தரும் ரசாயனத்தைத் தடவி, அதன் மேல் சங்கிலி கட்டி, வலியில் காலை உதறித் தூக்க வைத்தார்கள். கடுகெண்ணெயும் அதில் ஒன்று, நாம் சமைக்கிறது இல்லை, கடுகிலிருந்து காய்ச்சி வடிக்கிற, தோலைப் பொசுக்குகிற எண்ணெய். மண்ணெண்ணெய், டீசல்கூடத் தடவியிருக்கிறார்கள். குளம்பை அளவுக்கு மீறிச் செதுக்கி வலிக்கும்படி லாடம் அடிப்பதும் உண்டு. 1970-இல் குதிரைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வந்த பிறகும் முழுசாக ஒழியவில்லை. இதைச் செய்தவர்கள் எங்கிருந்தோ வந்த ரவுடிகள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற, அக்கம்பக்கத்துக்கு உதவுகிற குடும்பங்களும் அதில் இருந்தன. அப்பா செய்ததைப் பார்த்து மகன் செய்தான், அதைக் கொடுமை என்றே நினைக்கவில்லை. வந்த புதிதில் ஒரு லாயத்துக்குள் போனபோது ஒரு குதிரை முன்காலை முன்னால் நீட்டி, எடையையெல்லாம் பின்காலில் போட்டு நின்றுகொண்டிருந்தது. கணுவில் கட்டைவிரலை வைத்ததும் அது இழுத்த இழுப்பு இன்னும் என் கையில் இருக்கிறது. அந்த வீட்டில் எனக்கு அருமையாகச் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். அதனால்தான் சிரித்த முகங்களை வைத்து நான் எந்தப் பண்ணையையும் முடிவு செய்வதில்லை.

அதே சமயம், வேறு பக்கம் திரும்பிய குடும்பங்களும் உண்டு. அடுக்கு லாடமும் (குளம்புக்கு அடியில் அடுக்கடுக்காகத் தட்டு வைத்து உயர்த்துவது) சங்கிலியும் வைத்துப் பட்டம் வாங்கிய அப்பாவிடம் மகன் "இனி நம் லாயத்தில் அது வேண்டாம்" என்று சொல்லி, சாதாரண லாடம் அடித்த குதிரைகளை மட்டும் பழக்கத் தொடங்கிய வீடு ஒன்று எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் பாதிப்பேர் போனார்கள். அப்பா இரண்டு வருடம் மகனோடு சரியாகப் பேசவில்லை, இப்போது அவர்தான் வருகிறவர்களிடம் குதிரையின் காலைத் தூக்கிக் காட்டுகிறார்.

உங்களுக்கு முக்கியமான விஷயம்: அந்தச் சட்டம் கண்காட்சி, விற்பனை, ஏலம், அங்கே கொண்டுபோவது இவற்றுக்குத்தான். பொழுதுபோக்குச் சவாரிக்காகப் பழகுகிற உங்கள் குதிரை நிற்கும் லாயத்துக்கு அதன்படி சோதனை செய்ய யாரும் வர மாட்டார்கள். நீங்கள்தான் பார்க்க வேண்டும். சொல்லாமல் ஒரு நாள் போங்கள். "வருவதற்கு முன் போன் பண்ணுங்கள்" என்பது நியாயமான பேச்சு, "உள்ளே வரக்கூடாது" என்பது நியாயமில்லை. உங்கள் குதிரையை மட்டும் பார்க்காமல் வரிசையாக நிற்கிற மற்றக் குதிரைகளின் முன்கால் கணுவைப் பாருங்கள், முடி உதிர்ந்தோ, தோல் தடித்து மடிப்பு விழுந்தோ இருக்கிறதா என்று. அனுமதி கேட்டுக் கட்டைவிரலின் சதையால் முன்னும் பின்னும் லேசாக அழுத்துங்கள், நகம் வெளுக்கிற அளவு அழுத்தினால் போதும். ஆரோக்கியமான குதிரை அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பகலில் நிறையக் குதிரைகள் படுத்தே கிடந்தால், எழுப்பினால் எழத் தயங்கினால், திரும்பி வந்துவிடுங்கள்.

இதுவரை சொன்னவற்றில் மரபணு, சட்டம், சோரிங்கின் அறிகுறிகள் எல்லாம் உறுதியானவை. அடுத்து வருவதில் கருத்து வேறுபாடு உண்டு. அடுக்கு லாடமும், விதிப்படி அனுமதித்த ஆறு அவுன்ஸ் சங்கிலியும் தன்னளவில் தீங்கு செய்யாது என்று தொழிலில் ஒரு பெரிய தரப்பு சொல்கிறது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கமும் குதிரை மருத்துவர்களின் சங்கமும் 2012-இல் இரண்டையும் தடை செய்யக் கேட்டன, நான் அவர்கள் பக்கம். இரண்டு வயதிலேயே ஆள் ஏற்றலாமா என்பதிலும் நல்ல மருத்துவர்களே ஒத்துப்போவதில்லை, உங்கள் குதிரைக்கு நான்கு வயது என்பதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. அறுபது நாள் போதுமா என்றால், முன்பே யாராவது பொறுமையாகத் தொட்டுப் பழகிய குதிரைக்கு நிற்க, திரும்ப, சாதாரணமாக நடக்க, ஃப்ளாட் வாக்கில் நிலைக்கப் போதும். ரன்னிங் வாக்கில் உறுதியாக நிற்க பெரும்பாலானவற்றுக்கு இன்னும் மாதங்கள் ஆகும், அதை உங்கள் மகளே வீட்டில் ஏறி ஏறிக் கொண்டுவர வேண்டியிருக்கும். அறுபதே நாளில் எல்லாம் முடித்துத் தருகிறேன் என்று ஒரு பயிற்சியாளர் சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும்.

இன்னொரு வேண்டுகோள், மகளையும் வாரம் ஒருமுறை அங்கே அழைத்துப் போங்கள். நல்ல குடும்பமாக இருந்தால் அவளையும் ஏற்றிப் பழக்குவார்கள், குதிரை மட்டும் கற்று வந்து சவாரி செய்பவருக்குத் தெரியாவிட்டால் மூன்று வாரத்தில் நடை குழம்பிவிடும். ஒரு மாதம் கழித்துத் தார் ரோட்டிலோ சரளைக்கல் ரோட்டிலோ பக்கவாட்டிலிருந்து இருபது விநாடி வீடியோ எடுத்து இங்கே போடுங்கள், பின்னணிப் பாட்டு எதுவும் சேர்க்காமல், குளம்புச் சத்தம் கேட்கும்படி. நான் கேட்டுப் பார்க்கிறேன், திண்ணையில் உட்காரும் அந்தத் தாத்தாவுக்கும் போட்டுக் காட்டுகிறேன்.